பெயர் நாலு, கப்பல் ஒன்று: யார்மத் – பார் ஹார்பர் ஃபெரி

யார்மத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் போன சின்னக் கடையில், காசு வாங்கும் இடத்துக்குப் பின்னால் சட்டம் போட்ட ஒரு கப்பல் படம் தொங்கியது. அம்மா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, இது எங்கட தூத்துக்குடிக் கப்பல் எல்லோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் தென்மேற்கு மூலையில் கிடக்கிற மீன்பிடி ஊர் இது. எல்லா வெள்ளைக் கப்பலும் அம்மாவுக்கு ஒரே கப்பல்தான் என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஸ்கோஷியா பிரின்ஸ் என்று எழுதியிருந்தது. 2011 அக்டோபரில் நானும் அம்மாவும் தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் இறங்கிய அதே கப்பல்.

நான் எழுத வந்தது அந்தக் கப்பலைப் பற்றியல்ல. அன்று காலை நாங்கள் ஏறப்போன தி கேட் என்ற வேகக் கப்பலைப் பற்றி. ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்றதும் பின்னால் வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 ஆகஸ்ட். ஸ்காபரோவிலிருந்து காரில் புறப்பட்டு, கியூபெக், நியூ பிரன்ஸ்விக் எல்லாம் சுற்றி ஹாலிஃபாக்ஸ் போய், திரும்பும்போது அதே சாலையில் போக மனமில்லாமல் இந்த ஃபெரியைப் பிடித்தோம். நான், இவர், பன்னிரண்டு வயது மகள், எழுபத்தொன்பது வயது அம்மா, ஒரு கார். யார்மத்தில் ஏறினால் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பரில் இறக்கிவிடுவார்கள். கடலில் மூன்றரை மணி நேரம். தரைவழியாகப் போனால் ஃபண்டி விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு பத்து மணி நேரத்துக்குக் குறையாது. கட்டணம் மலிவு என்று சொல்ல மாட்டேன். சுற்றிப் போனால் ஆகும் பெட்ரோலையும் ஓர் இரவு ஹோட்டலையும் கூட்டிப் பார்த்தோம், அப்போதும் கப்பல்தான் கூட. ஆனாலும் இவருக்கு ஒரு நாள் ஸ்டியரிங் பிடிக்காமல் இருக்கலாம். லொறி ஓட்டுகிறவருக்கு விடுமுறை என்றால் அதுதான்.

முந்தைய இரவு தங்கிய மோட்டலைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன். இரண்டு கட்டில் கேட்டதற்கு ஒரு கட்டிலும் ஒரு மடக்குக் கதிரையும் தந்தார்கள். அம்மா இரவு முழுக்க என்னை உதைத்தார்.

ஏறுவதற்கு முன் வரிசையில் நிறுத்தும்போதே கடவுச்சீட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிற பயணம். அமெரிக்கக் குடிவரவு, சுங்கம் எல்லாம் பார் ஹார்பரில் இறங்கும்போது. நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி: கறிவேப்பிலை கொண்டு போகாதீர்கள். அம்மா குளிர்ப்பெட்டிக்குள் ஒரு கட்டு வைத்திருந்தார். அமெரிக்காவுக்குள் பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதியில்லை, எலுமிச்சை, தோடை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரலாம் என்பதால். யார்மத் வாகன வரிசையிலேயே குப்பைத் தொட்டிக்குப் போனது. "ஹாலிஃபாக்ஸில ரெண்டு டொலர் குடுத்து வாங்கினது" என்று பார் ஹார்பர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கப்பலைப் பக்கத்தில் பார்த்ததும் மகள், "இது கப்பல் மாதிரி இல்லையே" என்றாள். சரிதான். இரண்டு மெல்லிய அடிப்பாகங்கள், நடுவே வெறும் காற்று, மேலே ஒரு பெரிய பெட்டி. கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய்க் கேட்டமரன் ஆகி, அதன் முதல் பாதி பூனையாகி இந்தக் கப்பலுக்குப் பெயராகியிருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "ஓம், உண்மைதான்" என்றாள். அம்மா சொல்வதைவிடக் கூகுள் சொல்வதற்கு மதிப்பு.

நீளம் 107 மீட்டர். உடல் முழுக்க அலுமினியம். சுமார் 860 பேரையும் 280 சிறிய கார்களையும் ஏற்றக்கூடியதாகக் கட்டினார்கள். காரை உள்ளே விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது வாகனத் தளத்துக்குத் திரும்பிப் போக முடியாது. ஆகவே மருந்து, ஸ்வெட்டர், பிள்ளைகளின் சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். நாங்கள் அம்மாவின் பிரஷர் குளிசையைக் காரிலேயே விட்டுவிட்டோம். எங்கள் பிழைதான்.

இவர் உட்காரவில்லை. எஞ்சின் விவரம் தெரிந்தே ஆகவேண்டும். நான்கு டீசல் எஞ்சின்கள், எம்.டி.யு. நிறுவனத்துடையவை, ஒவ்வொன்றும் 20 சிலிண்டர், 8,200 கிலோவாட். குதிரைத்திறனில் ஒன்று 11,000 வரும். நான்கும் சேர்ந்து 44,000. தன்னுடைய லொறி 500 குதிரைத்திறன் என்பதால் உடனே கணக்குப் போட்டுவிட்டார்: "எண்பத்தெட்டு லொறியை ஒண்டாப் பூட்டி இழுக்கிற மாதிரி." சுழலி வெளியே தொங்குவதில்லை. கடல்நீரை அடியில் உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சியடித்து அந்த உதையில் முன்னே போகிறது. பின்தளத்தில் நின்று பார்த்தால் நான்கு வெள்ளை வாய்க்கால் கப்பலுக்குப் பின்னால் கிளம்பி நெடுந்தூரம் போகும். இந்தக் கப்பலில் பார்க்க வேண்டிய காட்சி அதுதான், கடலைவிட. காற்று தொப்பியைப் பிடுங்கும்.

வேகம் 35 நாட் வரை போகும் என்று கட்டப்பட்டது. மணிக்கு 65 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அது ஆமை வேகம். தண்ணீரில் அப்படியில்லை. நீரில் வேகத்தை இரட்டிப்பாக்க இரண்டு மடங்கு எரிபொருள் போதாது, பல மடங்கு வேண்டும். வேக ஃபெரிகளின் தலையெழுத்தே இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் முதலில் அடிவாங்குவது இவைதான்.

ஆட்டம் எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாங்கள் போன அன்று முதல் ஒரு மணி நேரம் கண்ணாடி போல இருந்தது. மேய்ன் வளைகுடாவின் நடுவில் பக்கவாட்டில் அலை வந்தது. இது பழைய கப்பல் போல மெதுவாகச் சாய்ந்து நிமிர்வதில்லை. ஒரு மூலை ஏறும், எதிர்மூலை இறங்கும், ஒரு சின்னத் திருகல். பஸ்ஸில் சத்தி வருகிறவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். நடுப்பகுதியில், பின்பக்கம் தள்ளி இருக்கை பிடியுங்கள். முன் கண்ணாடி அழகாகத்தான் இருக்கும், ஆனால் தூக்கிப் போடுவது அங்கேதான். மகள் முன்னால் போய் உட்கார்ந்தாள், இருபது நிமிடத்தில் முகம் வெளிறித் திரும்பி வந்தாள். அம்மா கண்ணை மூடி, இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, அசையாமல் இருந்தார். சாப்பாட்டுப் பக்கம் நான் போகவில்லை. இவர் கிளாம் சவுடர் என்ற மட்டிச் சூப் வாங்கிக் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். பசியில் இவர் எதையும் அப்படித்தான் சொல்வார்.

கடிகாரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நோவா ஸ்கோஷியா மேய்னைவிட ஒரு மணி நேரம் முந்தியது. யார்மத்திலிருந்து போனால் மூன்றரை மணி நேரப் பயணம் கடிகாரத்தில் இரண்டரை மணி நேரமாகத் தெரியும். எதிர்ப்பக்கமாக வந்தால் நாலரை. ஹோட்டல், மேற்கொண்டு போகும் பயணம் எல்லாம் முன்பதிவு செய்யும்போது இதைக் கவனியுங்கள்.

இனி கப்பலின் பழைய பிறவிகள். மேலே போன பிறகு இவர் அதைத்தான் வாசித்து வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வீடு வந்து நானும் உட்கார்ந்து படித்தேன்.

கட்டியது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் நகரில் உள்ள ஆஸ்டல் தளம். 2007-இல் ஹவாய் தீவுகளுக்காக முடித்துக் கொடுத்தார்கள். பெயர் அலகாய். ஹவாய் மொழியில் கடல்வழி என்று பொருளாம். அங்கே தீவுக்குத் தீவு மனிதர் போக விமானம், சாமான் போகப் பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகு. காரோடு நீங்களே ஏறிப் போக எதுவுமில்லை. ஹவாய் சூப்பர்ஃபெரி என்ற நிறுவனம் அந்த இடத்தை நிரப்ப வந்தது. 2007 ஆகஸ்ட் 26-இல் முதல் பயணம், அறிமுகக் கட்டணம் ஆளுக்கு 5 டாலர், காருக்கு 5 டாலர். யார்தான் ஏறமாட்டார்கள்?

ஆனால் அதற்கு மூன்று நாள் முன்புதான் ஹவாய் உச்ச நீதிமன்றம், துறைமுக வேலைகளுக்கான சுற்றுச்சூழல் ஆய்வைச் செய்யாமல் அரசு விலக்குக் கொடுத்தது தவறு என்று சொல்லியிருந்தது. குளிர்காலத்தில் குட்டி போட வரும் கூனல் திமிங்கிலங்கள் மீது இந்த வேகத்தில் கப்பல் மோதினால் என்ன ஆகும், ஒரு தீவின் களையும் பூச்சியும் கார்ச் சக்கரத்தில் ஒட்டி இன்னொரு தீவுக்குப் போகாதா என்று மக்கள் கேட்டார்கள். யார்மத்தில் அம்மாவின் கறிவேப்பிலைக்கு விழுந்த அதே கேள்விதான். காவாய் தீவின் நாவிலிவிலி துறைமுகத்தில் அலைச்சறுக்குப் பலகைகளிலும் சிறு ஓடங்களிலும் ஆட்கள் இறங்கி வாய்க்காலை மறித்தார்கள். இரண்டாம் நாள் கப்பல் உள்ளே போக முடியாமல் ஹொனலூலுவுக்கே திரும்பியது. காவாய்க்கு அது மறுபடி போகவேயில்லை. சட்டமன்றம் இந்தக் கப்பலுக்கென்றே ஒரு சட்டம் போட்டுக் கொடுத்ததில் மவுயி தீவுக்கு மட்டும் டிசம்பரில் திரும்ப ஓடியது. 2009 மார்ச்சில் அந்தச் சட்டமும் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. மூன்று நாளில் கடைசிப் பயணம். மே மாத முடிவில் நிறுவனம் திவால் மனு போட்டது.

நான் அந்தப் பலகைக்காரர்கள் பக்கம்தான். ஆய்வை முதலில் செய்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது. ஆனால் மவுயியில் இருக்கிற மகளைப் பார்க்கக் காரில் சாமானோடு போய்வந்த ஒரு தாயாவது ஹொனலூலுவில் இருந்திருப்பாள். அவளுக்கு அதற்குப் பிறகு வேறு கார்க் கப்பல் வரவில்லை.

அப்புறம் அமெரிக்க அரசின் கைக்குப் போனது. கூடவே கட்டிய இரண்டாவது கப்பல் ஹுவாகாய் 2010 ஜனவரியில் ஹெயிட்டி பூகம்ப நிவாரணத்துக்குப் போனது. 2012-இல் இரண்டையும் கடற்படை 35 மில்லியன் டாலருக்கு எடுத்துக்கொண்டது. அலகாய்க்குப் புவெர்ட்டோ ரிக்கோ என்று புதுப்பெயர். பிறகு அந்தப் பெயர் வேறொரு கப்பலுக்குத் தேவைப்பட்டதும் வெறும் எச்எஸ்டி-2 என்ற எண்ணாகிவிட்டது. அகதி முகாமில் பெயரை விட்டுப் பதிவு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்களே, அப்படி என்றார் அம்மா. 2016-இல் பே ஃபெரிஸ் நிறுவனம் கடற்படையிடமிருந்து வாடகைக்கு எடுத்து, பக்கவாட்டில் தி கேட் என்று எழுதி யார்மத்துக்குக் கொண்டுவந்தது.

இங்கேயும் நிம்மதியில்லை. முதல் மூன்று கோடைகள் மேய்னின் போர்ட்லண்டுக்கு ஓடியது. அங்கே சுங்க மண்டபத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று வந்ததும் பார் ஹார்பருக்கு மாற்ற முடிவு. பார் ஹார்பர் முனையத்தைத் திருத்தும் வேலை முடியாததால் 2019-இல் ஒரு தடவைகூட ஓடவில்லை. 2020, 2021 பெருந்தொற்று. 2022 மே மாதத்தில்தான் திரும்பவும் பயணிகள் ஏறினார்கள். ஓடாத ஆண்டுகளிலும் நோவா ஸ்கோஷியா மாகாணம் மக்கள் வரிப்பணத்தில் மில்லியன் கணக்கில் கட்டிக்கொண்டிருந்தது. நடத்துவதற்கான கூலி எவ்வளவு என்பதைச் சொல்ல வைக்கவே எதிர்க்கட்சி நீதிமன்றம் போகவேண்டியிருந்தது. பிறகு அதே எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது. கப்பலை நிறுத்தவில்லை! கடலோரத்து மோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் வாக்கு இருக்கிறது.

இந்தத் தடத்தில் இது மூன்றாவது பூனை. 1956-இலிருந்து புளூநோஸ் என்ற பெயரில் கப்பல்கள் யார்மத்துக்கும் பார் ஹார்பருக்கும் நடுவே ஓடியிருக்கின்றன. 1998-இல் முதல் வேகக் கப்பல் வந்தது, பிறகு அதைவிடப் பெரிய ஒன்று. மாகாணம் மானியத்தை நிறுத்தியதும் 2009-உடன் அது நின்றது. 2014-இலும் 2015-இலும் நோவா ஸ்டார் என்ற இரவுக் கப்பல் போர்ட்லண்டுக்கு ஓடிக் கடனில் மூழ்கியது. ஒவ்வொரு தடவையும் கப்பல் நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய்க் காசு, இறங்குதுறை, சுங்க மேசை, மந்திரி சபை, இவற்றில் ஏதாவது ஒன்று கவிழ்ந்தது.

ஸ்கோஷியா பிரின்ஸும் இந்தப் பக்கத்துக் கப்பல்தான். 1972-இல் யுகோஸ்லாவியாவில் கட்டி, 1982-இலிருந்து 2004 வரை இரவிரவாகப் போர்ட்லண்டுக்கும் யார்மத்துக்கும் ஓடியது. போர்ட்லண்டு முனையத்துக் கட்டடத்தில் பூஞ்சை என்று தகராறு வந்து அந்தச் சேவை நின்றது. கத்ரீனா புயலுக்குப் பின் வீடிழந்தவர்கள் லூசியானாவில் அதற்குள் தங்கினார்கள். 2011 ஆரம்பத்தில் லிபியாவில் சண்டை வந்தபோது பெங்காசியிலிருந்து இந்தியர்களை ஏற்றிக்கொண்டு போனது. அந்த ஜூன் 13-ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது.

இருபத்தொரு வருடம் திருச்சி அகதி முகாமில் இருந்த அம்மா இலங்கையில் ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தபோது விமானத்தில் போக மறுத்துவிட்டார். காரணம் ஒரு தையல் மெஷின். முகாமில் அதை மிதித்துத்தான் என் தம்பியைப் படிக்க வைத்தார். இரும்புக் காலோடு சேர்த்து அதை எந்த விமானத்தில் ஏற்றுவது? அந்த அக்டோபரில் ஐ.நா. அகதிகள் அமைப்பும் ஊர் திரும்புகிறவர்களை இந்தக் கப்பலில் அனுப்பத் தொடங்கியிருந்தது. நான் ரொறன்ரோவிலிருந்து போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் ஏறினேன். பொழுதுபடப் புறப்பட்டு விடியக் கொழும்பு, 152 கடல் மைல். பாய், வாளி, பெட்டி என்று வீட்டையே கட்டிக்கொண்டு வந்தவர்கள் தளம் முழுக்க இருந்தார்கள். அம்மா தூங்காமல் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். நவம்பரில் அந்தச் சேவை நின்றுபோனது. அரை வருடம்கூட முழுதாக ஓடவில்லை. 2012-இல் கப்பலை உடைக்கக் கொண்டுபோனார்கள்.

யார்மத் கடையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், தன் கலியாணக் கொண்டாட்டம் அந்தக் கப்பலில்தான் நடந்தது என்று சொன்னார். அது கடைசியில் எங்கே ஓடியது என்று நான் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

சரி, போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: மே முதல் அக்டோபர் வரைதான் ஓடுகிறது, ஆகஸ்டில் போவதென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வானிலை பார்த்துப் பயணத்தை மாற்ற இடம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கடலில் பனிமூட்டம் சாதாரணம். பார் ஹார்பரில் இறங்கியதும் அக்கேடியா தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே இரண்டு நாள் நில்லுங்கள். காருடன் நாலு பேருக்குக் குறைவாகப் போனால் காசுக்குக் கட்டாது என்பது இவர் கருத்து. நான் இன்னொரு தடவையும் போவேன். அந்தப் பின்தளத்துக்காகவே.

சுங்கம் முடிந்து கார் நகர்ந்ததும் பின் இருக்கையிலிருந்து அம்மா கேட்டார்: "உந்த வேகத்தில ஓடினா காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினம் எவ்வளவு நேரம்?"

இவர் வாய்க்குள் கணக்குப் போட்டார். சுமார் 60 கடல் மைல். "ரெண்டு மணித்தியாலம் வராது, மாமி."

அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து செரியபாணி என்ற கப்பலை விட்டார்கள். சில நாளில் மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். அடுத்த ஆகஸ்டில் சிவகங்கை என்ற இன்னொன்று. ஒவ்வொரு செய்திக்கும் அம்மா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கேட்டது ஒரே கேள்விதான்.

"கார் ஏத்துவாங்களோ?"

"இல்லையம்மா, ஆட்கள் மட்டும்தான்."

"அப்ப மெஷின்?"